ஆரோக்கியமான பர்கரும் அரைப்பேர் சம்பளமும்

"பணிஸுக்குள்ள கோழித் துண்ட வச்சிட்டு ஆயிரத்து ஐநூறா?" இது வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி. "நம்ம ஆளுங்களுக்குச் சத்துன்னா என்னான்னே தெரியாது. மூணு வேளையும் ரொட்டியத் தின்னா நோய் வராம என்னா வரும்?" இது படித்து நல்ல வேலைக்குப் போன நம் நண்பர்கள் சொல்லும் தீர்ப்பு. மலையகத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முட்டிக்கொள்கிறோம். ஒரு பக்கத்துக்குப் பர்கர் என்றால் ஊதாரித்தனம். மறுபக்கத்துக்கு ரொட்டி என்றால் அறியாமை.

எனக்கு ரெண்டு பக்கத்தோடும் சண்டை இருக்கு. நல்ல பர்கர் நல்ல சாப்பாடுதான். அதை உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட மலையகப் பிள்ளைகளுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் 'ஆரோக்கியம்' என்ற சொல்லை அந்தக் கடையின் மெனு அட்டையிலேயே விட்டுவிட்டு வந்தால் நாம் ஏமாந்துபோனோம் என்றுதான் அர்த்தம்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இப்போது பர்கர் விற்கும் சின்னச் சின்ன கஃபேக்கள் முளைத்திருக்கின்றன. சில கடைகளில் வெறும் பர்கர் இல்லை, 'ஹெல்தி' பர்கர். உறைய வைக்காத இறைச்சி, தவிட்டு மாவில் செய்த பன், அன்றைக்குப் பறித்த மரக்கறி, எண்ணெயில் பொரிக்காமல் அவனில் சுட்ட உருளைக்கிழங்கு. இது நம்ம ஊர் ஆள் கண்டுபிடித்த யோசனை இல்லை.

பர்கரின் கதையே 'இது சுத்தமானது, நம்பிச் சாப்பிடு' என்று சொல்லி விற்ற கதைதான். 1906இல் அப்டன் சின்க்ளேர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அசிங்கத்தை வெளியே கொண்டுவந்தது. அதைப் படித்த அமெரிக்கர்களுக்கு அரைத்த இறைச்சி என்றாலே பயம். 1921இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் ஆரம்பித்த 'வைட் காசில்' கடை அந்தப் பயத்தைப் போக்கத்தான் பேரிலேயே வெள்ளையை வைத்தது, கட்டடத்துக்கும் வெள்ளை அடித்தது, ஒரு பர்கரை 5 சதத்துக்கு விற்றது. பின்னால் மெக்டொனால்ட்ஸ் வந்து வேகத்தையும் மலிவையும் உலகம் முழுக்கப் பரப்பியது. அந்த மலிவு அலுத்தவர்களுக்காக அடுத்த அலை வந்தது. 2004இல் நியூயோர்க்கின் மடிசன் சதுக்கப் பூங்காவில் சின்னக் கூண்டுக் கடையாகத் திறந்த 'ஷேக் ஷாக்' 2015இல் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. மேசைக்கு வந்து ஓடர் எடுக்க ஆள் கிடையாது, நாமே கவுண்டரில் சொல்ல வேண்டும். ஆனால் பொருள் தரமானது, விலை கூட. இந்த மாதிரிதான் கொழும்பு வழியாக மலை ஏறி வந்திருக்கிறது. இலங்கையில் 1998இல் வந்த மெக்டொனால்ட்ஸின் 12 கிளைகளும் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. பெரிய பேர் போனாலும் பர்கர் போகவில்லை.

நாங்கள் நாலு பேர் நுவரெலியாவில் ஒரு கடைக்குப் போனோம். சிக்கன் பர்கர்தான் எடுத்தோம். நம்ம வீடுகள் பலவற்றில் மாட்டிறைச்சி சேராது, கடைக்காரருக்கும் அது தெரியும், மெனுவில் பாதிக்கு மேல் கோழிதான். கோழியை வெங்காயம், மிளகு போட்டு அரைத்து, இரும்புக் கல்லில் சுட்டிருந்தார்கள். ஓரம் கருகி, உள்ளே ஈரம் காயாமல் இருந்தது. பன் கொஞ்சம் கனம், ஆனால் கையில் பிய்ந்து கொட்டவில்லை. சலாது இலை கடிக்கும்போது 'கறுக்'கென்று சத்தம் கேட்டது. வினாகிரியில் ஊறிய பீட்ரூட்டை மெல்லிசாகச் சீவி வைத்திருந்தது நல்ல யோசனை, இனிப்பு சோஸ் தேவையே இல்லாமல் போய்விட்டது. அவனில் சுட்ட கிழங்கு மட்டும் சுமார், தொண்டையில் அடைத்தது, தண்ணி குடிக்க வேண்டியதாப் போச்சு. சாப்பிட்டு எழும்பும்போது வயிறு பாரமாக இல்லை. தலைக்கு 1600 ரூபாய். ஒரு தரம் சாப்பிடப் போகலாமா என்று கேட்டால் போகலாம் என்பேன்.

ருசியை விட முக்கியமாக இன்னொன்று எனக்குப் பிடித்தது. அங்கே உட்காருவது சுலபம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இதே நுவரெலியாவில் 1876இல் துரைமார் தொடங்கிய ஹில் கிளப் இருக்கிறது. நம்மவர்கள் அந்தப் படியேறியது பெரும்பாலும் தட்டு ஏந்தத்தான். இன்றைக்கும் இரவுச் சாப்பாட்டு அறைக்குள் போக கழுத்துப்பட்டி கட்ட வேண்டும். பெரிய ஹோட்டல் என்றால் நம்மில் பலருக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும். முள்கரண்டி எந்தக் கையில, கத்தி எந்தக் கையில, வெயிட்டர் சிரிப்பானோ என்று. பர்கர் கடையில் அந்தத் தொல்லை இல்லை. கையால் எடுத்துக் கடிப்பதுதான் அங்கே முறை. செருப்போடு வந்த பிள்ளையும் சப்பாத்தோடு வந்த சுற்றுலாக்காரரும் ஒரே மாதிரி வாயைப் பிளந்துதான் சாப்பிட வேண்டும். டவுனில் ஒரு பெண் பிள்ளை தோழியோடு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச எத்தனை இடம் இருக்கு, சொல்லுங்கள்? அதனால் 'பர்கர் கடைக்கு என்னா தேவ' என்று கேட்கும் பெரியவர்களிடம் என் பதில் இதுதான்: உட்கார ஒரு இடம் தேவை.

இனி அந்தப் பர்கரைப் பிரித்துப் பார்ப்போம். சலாது இலை கந்தப்பளை, மீப்பிலிமான, சீதா எலிய பக்கம் விளைவது. கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் எல்லாம் அதே மண். பால், சீஸ் என்றால் அம்பேவெல பண்ணை கூப்பிடு தூரம். இந்த மண்ணில் ஐரோப்பிய மரக்கறி வந்த கதையும் பழசு. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து ஆள், மாடு, விதை எல்லாம் கொண்டுவந்து நுவரெலியாவில் பண்ணை போட்டார். அப்புறம் தோட்டத்துக்குத் தோட்டம் பங்களா வந்தது. பங்களாவைச் சுற்றி மரக்கறித் தோட்டம் வந்தது. அதில் சலாதுக்குத் தண்ணி ஊற்றியவர் நம்ம ஆள். பங்களா குசினியில் கட்லட்டும் ரோஸ்ட்டும் புடிங்கும் செய்த 'அப்பு'மாரில் எத்தனையோ பேர் நம்ம ஆட்கள். கைக்கு எல்லாம் தெரியும், வீட்டு அடுப்புக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. ஆகவே 'இது நம்ம சாப்பாடு இல்ல' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம கை பண்ணிய சாப்பாடுதான். நம்ம தட்டுக்குத்தான் வரவில்லை.

இன்றைக்கும் கதை பெரிசாக மாறவில்லை. தோட்டத்தில் வேலை குறைந்த பெண்கள் நாள் கூலிக்கு மரக்கறித் தோட்டங்களுக்குப் போகிறார்கள். அவர்கள் பிடுங்கிக் கழுவி அடுக்கும் கரட், லொறி ஏறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகுது. லயத்துக் கொட்டிலில் மாடு வளர்க்கும் வீடுகளில் பால் விடியக்காலையிலேயே கேனில் ஏறிச் சேகரிப்பு நிலையத்துக்குப் போகுது. வீட்டுப் பிள்ளைக்குச் சாயத்தண்ணி. நாங்கள் சாப்பிட்ட கடையில் கல்லடுப்பில் நின்ற தம்பியும் தோட்டத்துப் பிள்ளைதான். "நீங்க பகலைக்கு என்னா சாப்புடுவீங்க?" என்று கேட்டேன். "சோறும் பருப்பும், அண்ணே. பர்கர் செஞ்சு செஞ்சு வாசமே போதும்" என்று சிரித்தான்.

சரி, ரொட்டிக்கு வருவோம். ரொட்டி தின்பது நம் அறியாமையா? வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். நம் முன்னோர்கள் கோதுமை மாவைத் தெரிவு செய்யவே இல்லை. ஆரம்பத்தில் தோட்ட நிர்வாகம் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், பர்மா ஜப்பானியரிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்த இடத்தைக் கோதுமை மா பிடித்தது. பிறகு அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் உதவி மா கப்பலில் வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கியது, மா நாட்டுக்குள்ளேயே அரைபட்டது. தோட்டத்தில் மா கொடுப்பதும் சம்பளத்தில் வெட்டுவதும் தொடர்ந்தது.

இதற்கு நடுவில் 1973, 74 பஞ்சம். உலகச் சந்தையில் விலை ஏறி, அரிசியும் மாவும் பங்கீட்டில் வெட்டுப்பட்டு, தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள். மரவள்ளிக்கிழங்கும் காட்டுக் கீரையும் தின்று உயிர் பிழைத்த கதையை நம்ம அம்மாயிமாரைக் கேட்டால் சொல்வார்கள். மா இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று பார்த்த ஒரு தலைமுறை, மா இருக்கும் நாளை நல்ல நாள் என்று நினைத்ததில் என்ன அறியாமை இருக்கு?

நேரக் கணக்கையும் பாருங்கள். ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா விடியக்காலை நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கும் புள்ளக் காம்பராவுக்கும் அனுப்பி, பெரட்டுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் மாவைப் பிசைந்து தட்டிச் சுட்டால் ரொட்டி அரை மணியில் தயார். கட்டச் சம்பல் இருந்தால் போதும், கறி வேண்டாம். மத்தியானம் மலையிலேயே கையில் வைத்துச் சாப்பிடலாம். யோசித்துப் பார்த்தால் பர்கருக்கும் அதே காரணங்கள்தான் சொல்கிறார்கள்: வேகம், கையில் பிடிக்கலாம், வயிறு நிறையும். அமெரிக்கத் தொழிற்சாலைத் தொழிலாளிக்குப் பர்கர் எப்படியோ, தேயிலைத் தொழிலாளிக்கு ரொட்டி அப்படி. ஒரு வித்தியாசம் இருக்கு. பர்கருக்கு நடுவில் இறைச்சி உண்டு. ரொட்டிக்கு நடுவில் ஒன்றும் கிடையாது.

அந்த ஒன்றுமில்லாத இடத்தின் விளைவு பிள்ளைகளின் உடம்பில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி இலங்கை முழுவதும் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள் சுமார் 17 வீதம். தோட்டப் பகுதியில் சுமார் 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் கரட்டும் லீக்ஸும் பாலும் விளையும் மாவட்டத்தில் நடக்கும் கணக்கு இது.

உடனே யாராவது ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைப்பார்கள். புரோஜெக்டர் போட்டு, 'நிறமுள்ள காய்கறிகளை உண்ணுங்கள், தினமும் முட்டை, பால் சேருங்கள்' என்பார்கள். சில விஷயம் உண்மையாகவே பயன்படும். உதாரணமாக, சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு சரியாக எடுக்காது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் நல்லது, சாப்பாட்டில் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. தேயிலை மண்ணில் இரத்தச் சோகையோடு வாழும் நம் அம்மாமாருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். இதைச் சொல்லக் காசு செலவாகாது. ஆனால் முட்டைக்குச் செலவாகும்.

அங்கேதான் கூட்டம் முடிந்துவிடுகிறது. 2021இல் 1000 ரூபாய் ஆன நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, வருகைக்காக அரசு 200 ரூபாய் சேர்த்துத் தரும் என்று அறிவித்தார்கள். எல்லாம் சேர்த்து 1750. நாங்கள் சாப்பிட்ட ஒரு பர்கருக்கும் ஒரு நாள் முழுக்க மலையில் நின்றதற்கும் நடுவில் 150 ரூபாய்தான் வித்தியாசம். அதுவும் நிறை சரியாக இருந்தால். தோட்டத்துக்குத் தோட்டம் 18 கிலோ, 20 கிலோ என்று கேட்கிறார்கள். மழைக்கும் வரட்சிக்கும் கொழுந்து குறைந்து நிறுவையில் தட்டினால் அரைப்பேர் விழும், பாதிச் சம்பளம்தான். மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதும் உறுதியில்லை. அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழியும், சந்தா கழியும், கடைக் கடன் கழியும். அஞ்சு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு முட்டை வைப்பதே அங்கே யோசித்துச் செய்யும் காரியம். கோழி ஞாயிற்றுக்கிழமைக்கு. அதுவும் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு.

ஆக, 'ஆரோக்கியமான தெரிவு' என்று பர்கர் கடை சொல்லும்போது அது தெரிவு செய்ய முடிந்தவர்களிடம் பேசுகிறது. அதில் தப்பில்லை, கடை வியாபாரம் செய்யத்தான் இருக்கு. தப்பு எங்கே என்றால், அந்த மெனுவின் வார்த்தைகளை அப்படியே தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போய், 'நீங்களும் நல்ல தெரிவு செய்யலாமே' என்று நாம் உபதேசம் பண்ணும்போதுதான். சத்து என்பது அறிவைப் பொறுத்தது மட்டும் இல்லை. சம்பளத்தையும் நேரத்தையும் காணியையும் பொறுத்தது. ஒரு பாத்தி கோவா போடக்கூட சொந்த மண் இல்லாதவருக்கு, 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று இன்னும் அளந்து பேரம் பேசப்படும் ஒரு சமூகத்துக்கு, 'ஒர்கானிக்' என்று வகுப்பு எடுப்பது அநியாயம்.

அதுக்காகப் பர்கர் கடைக்குப் போகாதீங்க என்று நான் சொல்ல மாட்டேன். போங்க. முதல் சம்பளத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்க. அம்மா "இந்தக் காசுக்கு ரெண்டு கிலோ பருப்பு வாங்கலாமே" என்று சொல்லத்தான் செய்வாங்க, பரவாயில்லை, சாப்பிடட்டும். குற்ற உணர்ச்சி நம் சமூகத்துக்கு யாரோ கட்டிவிட்ட இன்னொரு கொழுந்துக் கூடை. அதை நாம் சுமக்கத் தேவையில்லை.

ஆனால் கடைக்காரர்களிடம் சில விஷயம் கேட்கலாம். அவர்களில் நம் இளைஞர்களும் இருக்கிறார்கள், நாளைக்கு இன்னும் கூடுவார்கள். கோழி விலைதான் பர்கரை ஏற்றுகிறது என்றால் கடலையையும் கௌபியையும் அவித்து மசித்துச் சுடுங்கள். பருப்பு வடை சுடத் தெரிந்த ஊருக்கு அது பெரிய வித்தையா? பிஞ்சுப் பலாக்காயில் செய்தாலும் ருசிக்கும், சத்துக்கு மட்டும் மேலே ஒரு முட்டை சேருங்கள். குரக்கன் மா கலந்த பணிஸை நம்ம பேக்கரிகளே போடும். கரட்டும் கோவாவும் சீவி தேசிக்காய் பிழிந்து உள்ளே வைத்தால் வெளிநாட்டு சோஸ் எதுக்கு? இப்படி ஒன்றைப் பள்ளிக்கூடப் பிள்ளை வாங்கும் விலைக்கு ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் விற்க முடிந்தால், ரோல்ஸும் கலர் சோடாவும் வாங்கும் பிள்ளை இதையும் எடுத்துப் பார்க்கும். சுவரில் 'புதிய மரக்கறி' என்று எழுதும் இடத்தில், அது எந்த ஊர் மரக்கறி, பிடுங்கியவருக்கு நாள் கூலி எவ்வளவு என்றும் எழுதட்டும். நுவரெலியாவில் இதைச் செய்யாவிட்டால் வேறு எங்கே செய்வது?

நம்மிடமும் கேட்க வேண்டியது இருக்கு. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் நாம் ரூபாய்க் கணக்கை மட்டும்தான் பேசுகிறோம். அந்த ரூபாயில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை முட்டை, எத்தனை லீட்டர் பால், எத்தனை கிலோ மரக்கறி வரும் என்று யாராவது மேசையில் கணக்கு வைத்தார்களா? புள்ளக் காம்பராவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் ஒரு அவித்த முட்டை என்று கேட்டு ஒரு துண்டுப் பிரசுரமாவது நாம் அடித்தோமா? 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது காணி, வீடு, சம்பளம், அடையாளம் எல்லாம் பேசினோம். சாப்பாட்டுத் தட்டையும் அந்த வரிசையில் வைக்கும் நேரம் வந்துவிட்டது. தட்டில் உள்ளதுதான் பிள்ளையின் உயரமாக மாறுகிறது, உயரம் என்றால் சென்டிமீட்டர் மட்டும் இல்லை.

ரொட்டி எனக்கு இப்பவும் பிடிக்கும். சூடாக, கருகின ஓரத்தோடு, கட்டச் சம்பல் தொட்டுக்கொண்டு. பர்கரும் பிடிக்கும். ஆசைப்பட்டதால் சாப்பிட்டேன் என்று ரெண்டையும் பற்றிச் சொல்ல முடிய வேண்டும். இப்போதைக்கு என்னால் ரெண்டையும் பற்றி அப்படிச் சொல்ல முடிகிறது. மலையில் நிற்கும் அம்மாவால் ஒன்றைப் பற்றிக்கூடச் சொல்ல முடியாது. ரொட்டிக்கு நடுவில் ஒரு முட்டையாவது வைக்கும் சம்பளம் வரட்டும், அப்புறம் ஆரோக்கியமான தெரிவைப் பற்றி அவங்ககிட்டப் பேசுவோம்.